அவியலின் ‘ஆடு பாம்பே’: மருந்துவாழ்மலை வழியே ஒரு பாடலின் தடம்

திருவனந்தபுரத்தில் 2003இல் தொடங்கிய அவியல் இசைக்குழுவின் முதல் இசைத்தொகுப்பு, குழுவின் பெயரையே தாங்கி 2008இல் வெளிவந்தது. அதற்கு முன்பே ‘நட நட’ என்ற பாடல் காணொளியாக வந்து, டோனி ஜான், ரெக்ஸ் விஜயன் ஆகியோரின் பெயர்களைப் பரப்பியிருந்தது. இத்தொகுப்பைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் சொல்வது ஒன்றே: மேலை ராக் இசையோடு கேரள நாட்டுப்புறப் பாட்டைக் கலந்தது.

இக்கூற்றில் ஒரு பாதி சரி. கேரள ராக் அதுவரை பெரிதும் ஆங்கிலத்திலேயே பாடியது. கொச்சியின் மதர்ஜேன் அதே 2008இல் வெளியிட்ட ‘மக்தூப்’ தொகுப்பும் ஆங்கிலத்தில்தான். அந்தச் சூழலில் மலையாளத்தில் பாடத் துணிந்தது பெரிய செயல். ஆனால் ‘நாட்டுப்புறம்’ என்ற பொதுப்பெயரை என்னால் ஏற்க இயலவில்லை. ஆசிரியர் உள்ள பாட்டையும் அது ஆசிரியர் அற்றதாக்கி விடுகிறது. பாட்டு நடந்து வந்த வழியையும் அழித்து விடுகிறது.

தொகுப்பிலுள்ள ‘ஆடு பாம்பே’ வாய்மொழிப் பாட்டு அன்று. அது கேரளத் துறவி நாராயண குரு (1856–1928) இயற்றிய ‘குண்டலினிப் பாட்டு’. அதன் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டிரண்டு அடிகளாகச் செல்லும் பாட்டு, ஒவ்வொரு முறையும் பாம்பை ஆடச் சொல்லி முடிகிறது. பிறையும் கொன்றையும் சூடிய ஈசன், அவன் திருவடி, திருநீறு எனச் சைவக் காட்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. தமிழ் வாசகருக்கு உடனே பாம்பாட்டிச் சித்தர் நினைவுக்கு வருவார்; அவர் பாடல்களின் முடிப்பும் பாம்பை நோக்கிய அதே விளிதான். வேறுபாடும் உண்டு. சித்தர் பாடல்களில் உடலின் நிலையாமையும் சித்தின் பெருமிதமும் ஓங்கி ஒலிக்க, குருவின் பாட்டில் பக்தியே முன்னிற்கிறது. வடிவத்தை வாங்கிக்கொண்டு உள்ளீட்டை மாற்றிய ஆக்கம் என்றே இதைக் கொள்கிறேன்.

இந்த வடிவம் குருவிடம் எவ்வாறு வந்தது? நேரடிச் சான்று இல்லை. ஆயினும் சூழல் சான்றுகள் வலுவானவை. அவருக்கு யோகம் கற்பித்த தைக்காடு அய்யாவு தமிழர். குரு தமிழில் தேவாரப் பதிகங்கள் இயற்றியவர். தமிழ் நூலான ‘ஒழிவிலொடுக்க’த்தையும் திருக்குறளின் சில பகுதிகளையும் மலையாளமாக்கியவர். எல்லாவற்றுக்கும் மேலாக, பொற்றையடியை அடுத்த மருந்துவாழ்மலையின் பிள்ளைத்தடம் குகையில் தவமிருந்தவர். சித்தர் நினைவுகளும் மூலிகை மரபும் ஊறிய மலை அது. அம்மலை நிற்கும் நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரின் பகுதி. தமிழும் மலையாளமும் ஒரே பாதையில் நடந்த மண். சித்தர் பாட்டு குருவின் காதில் விழுந்திருக்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பேன்.

மின்கிதாருக்கு இப்பாட்டு இசைந்து போனதற்கும் அந்த வடிவமே காரணம் எனக் கருதுகிறேன். ஈரடிக்கு ஒருமுறை திரும்பும் விளியும், திரும்பத் திரும்ப ஒலிக்கும் கிதார்ச் சுழற்சியும் இயல்பாகவே பொருந்துகின்றன. குழு புதிதாக ஒட்டவைத்த கலவையாக இதைப் பார்க்க வேண்டியதில்லை.

பாம்பாட்டிச் சித்தரின் காலம் இன்றும் முடிவாகவில்லை. குண்டலினிப் பாட்டு, குரு 1888இல் அருவிப்புறத்தில் செய்த சிவப் பிரதிட்டைக்கு முந்தியதா பிந்தியதா என்பதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. பாட்டு அந்தக் குகையில் பிறந்தது என்று நான் வாதிடவில்லை. அதன் வடிவம் தமிழ்ச் சித்தர் மரபிலிருந்து வந்தது, அம்மரபு குருவை எட்டிய வழிகளில் மருந்துவாழ்மலையும் ஒன்று என்பதே என் வாதம்.