எல்லாரும் ஆடும் மைதானம்

நியூஜெர்ஸி மாநிலத்தில் என் மகள் குடியிருக்கும் சிற்றூரில், சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மே மாதத்து மாலை வேளையில், 37 என்று எண் எழுதிய சீட்டை முதுகிலே ஊசியால் குத்திக்கொண்டு புல்தரையில் நின்ற என் பேரனை, ஓரத்தில் மடக்கு நாற்காலியில் அமர்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவனோடு ஏறக்குறைய 60 பிள்ளைகள் நின்றார்கள். பலகையும் பென்சிலுமாகப் பயிற்சியாளர் மூவர் அவர்களுக்கிடையே உலவினார்கள். மற்ற நாட்களில் ஆரவாரம் செய்யும் பெற்றோர் அன்று வாய் திறக்கவில்லை. ஊர் ஊராய்ச் சென்று கால்பந்து ஆடும் ‘டிராவல் டீம்’ என்னும் போட்டி அணிக்கு ஒன்பது வயதுப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும் பரீட்சை அது. ‘டிரைஅவுட்’ என்று சொல்கிறார்கள். மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. முதல் அணியில் இடமில்லை, இரண்டாம் அணியில் உண்டு, இரண்டு நாளுக்குள் சம்மதம் தெரிவித்து முன்பணம் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். “சேர்க்கலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கப்பா” என்றாள் மகள். அன்றிரவு என்னால் பதில் சொல்ல இயலவில்லை. ஒரு குழந்தையின் விளையாட்டைக் குறித்துப் பெற்றோர் இப்படி உறக்கம் கெட்டு ஆலோசிக்கும் வழக்கம் எப்போது, எதனால் வந்தது என்பதை அறியாமல் அபிப்பிராயம் சொல்ல மனம் துணியவில்லை.

அங்கிருந்து அரைமணிப் பயணத்தில், பஸேயிக் நதிக்கரையில் கார்னி என்ற ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து நூல் வியாபாரிகளான கிளார்க் குடும்பத்தார் அப்பிரதேசத்தில் பெரிய நூற்பாலைகளை நிறுவ, அவற்றில் வேலை செய்யக் கடல் கடந்து வந்த ஸ்காட்டிஷ் தொழிலாளர்கள் தங்கள் மூட்டை முடிச்சுகளோடு கால்பந்தையும் கொண்டுவந்தார்கள். ஆலையின் நூல்கண்டுக்கு இட்டிருந்த ஓ.என்.டி. என்னும் பெயரையே தாங்கிய தொழிலாளர் அணி, 1885இல் முதல் அமெரிக்கக் கோப்பையை வென்று, அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அதைக் கைவிடாமல் வைத்திருந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த மண்ணின் வளம் வற்றவில்லை. 1994ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்காக ஆடிய டோனி மியோலா, ஜான் ஹார்க்ஸ், உருகுவேயில் பிறந்து சிறுவனாய் இங்கு வந்த டாப் ராமோஸ் ஆகிய மூவரும் அவ்வூர்ப் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள். பழைய கார்னியில், பையனைக் கால்பந்தில் சேர்க்கலாமா என்று எந்தத் தகப்பனும் யோசித்திருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். ஆற்றங்கரைக் கிராமத்துப் பிள்ளை நீந்தக் கற்பதைப்போல, தெருவில் இறங்கிய பிள்ளை பந்தை உதைக்கக் கற்றான்.

மிஸ்ஸூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரத்திலும் நிலைமை இதுவே. அங்கே நூற்பாலையின் ஸ்தானத்தில் கத்தோலிக்கப் பங்குக் கோயில் இருந்தது. ஒவ்வொரு பங்குக்கும் ஓர் அணி உண்டு. பங்கைச் சேர்ந்த பிள்ளை அதில் ஆடுவான். 1950இல் பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டே நகரில் இங்கிலாந்தை 1–0 என்று தோற்கடித்து உலகத்தைத் திகைக்க வைத்த அமெரிக்க அணியின் பதினொருவரில் ஐவர் அந்த ஒரே நகரத்துப் பிள்ளைகள்.

ஆகவே, சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வி பின்னால் வந்தது. அதற்கு வழி திறந்தவர்கள், விந்தையாக, குழந்தைகளின் க்ஷேமத்தில் மிகுந்த சிரத்தை கொண்டிருந்த கல்வியாளர்களே. 1903இல் லூதர் குலிக் என்பவரின் முயற்சியால் நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கென ஒரு விளையாட்டுச் சங்கம் ஏற்பட்ட காலத்தில், பிள்ளைகளின் போட்டிகளைப் பள்ளிக்கூடங்களே நடத்தின. 1930களிலோ, கடும் போட்டி இளம் உடலுக்கும் மனத்துக்கும் தீங்கு என்ற கருத்து உடற்கல்வி ஆசிரியர்களிடையே வலுப்பெற்று, தொடக்கப் பள்ளிகள் மெல்ல மெல்ல அதிலிருந்து விலகின. அவர்கள் அஞ்சியது நியாயமே. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற இடம் காலியாகக் கிடக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களும் தனியார் சங்கங்களும் அதில் வந்து அமர்ந்தார்கள். 1939இல் பென்ஸில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் சிறுவர்களுக்காகத் தொடங்கிய ‘லிட்டில் லீக்’ பேஸ்பால் இவற்றில் பிரசித்தி பெற்றது. கல்வியின் அங்கமாக இருந்த ஒன்று, அன்றிலிருந்து பெற்றோரின் கைக்காரியமாயிற்று.

கால்பந்தில் இந்தக் காரியத்தை மிக அழகாகச் செய்தவர்கள் கலிபோர்னியாவின் டாரன்ஸ் என்ற ஊர்க்காரர்கள். 1964இல் அங்கே ஒரு வீட்டின் கார் நிறுத்தும் கொட்டகையில் கூடிப் பேசிய ஹான்ஸ் ஸ்டியர்லேயும் அவருடைய நண்பர்களும், ஒன்பது அணிகளைக் கொண்டு ‘அயிசோ’ எனப்படும் அமெரிக்க இளைஞர் கால்பந்து ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். சேர விரும்பும் பிள்ளை எவனாயினும் மறுக்கப்படமாட்டான். சேர்ந்த ஒவ்வொருவனும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் ஆடியே தீரவேண்டும். வல்லவர்களெல்லாம் ஒரே பக்கம் குவிந்துவிடாதபடி அணிகளைச் சமபலமாகப் பிரிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை நினைக்கும்தோறும் எனக்கு மனம் நிறைகிறது. வெற்றியைப் பழிக்காமலே, வெற்றிக்காகக் குழந்தையை ஓரத்தில் உட்கார வைக்கும் வசதியை மட்டும் பெரியவர்களிடமிருந்து அது பறித்துவிட்டது. 1971இல் பெண் குழந்தைகளுக்கும் தனிப் பிரிவு ஏற்பட்டது. மறு ஆண்டில், கல்விக்கூடங்களில் ஆண் பெண் பேதம் கூடாதென்று விதித்த ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்தது.

அதன்பின் நிகழ்ந்தவை வேகமானவை. 1974இல் தேசிய அளவில் இளைஞர் கால்பந்துச் சங்கம் ஒன்று உருவாயிற்று; 1975இல் பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு வந்தார். தம் வாழ்நாளில் பந்தை உதைத்தறியாத புறநகர்ப் பெற்றோர் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்து வந்தார்கள். வந்த பிள்ளைகளில் சிலர், அண்டை வீட்டுத் தகப்பனார் ஓய்வு நேரத்தில் சொல்லித் தந்ததைக் காட்டிலும் அதிகம் கற்க விரும்பியது இயல்பே. அவர்களுக்காகத் தேர்ச்சி பெற்ற பயிற்சியாளரைச் சம்பளத்துக்கு அமர்த்திய கழகங்கள் தோன்றின. இங்கேதான் கணக்கு மாறியது. ஐரோப்பாவில் பெரிய கழகங்கள் தாமே செலவழித்துப் பிள்ளைகளை வளர்க்கின்றன. வளர்ந்தவனை வேறு கழகம் வாங்கும்போது செலவு திரும்பிவருகிறது. வளர்த்தவருக்கு ஈட்டுத்தொகை தரும் அவ்வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றாமையால், பயிற்சியாளரின் சம்பளம், மைதான வாடகை, பயணச் செலவு அத்தனையும் பெற்றோர் தலையில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலராக விடிகிறது. சம்பளம் தடையின்றிக் கிடைக்க வேண்டுமானால் கட்டணம் செலுத்தும் பிள்ளைகள் போதிய எண்ணிக்கையில் வேண்டும். எனவே முதல் அணிக்குப் பின்னால் இரண்டாம் அணி, மூன்றாம் அணி. என் பேரனுக்கு வந்த மின்னஞ்சலின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

கல்லூரி உதவித்தொகை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இதில் கலந்திருக்கிறது. 2025 வரையில், முதல் பிரிவுக் கல்லூரிகளின் ஆண்கள் அணி ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட முழு உதவித்தொகை 9.9 மட்டுமே, இருபதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் அதைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒன்பது வயதிலிருந்து கட்டும் கட்டணத்துக்கு அது ஈடாகும் என்று எண்ணுவது கானல்நீரை நம்பி வயல் உழுவது.

இன்னொரு விஷயம் என் கண்ணெதிரே நின்றது. 2017 முதல் நாடெங்கும் பிறந்த ஆண்டைக் கொண்டு வயதுப் பிரிவை நிர்ணயித்திருந்தார்கள். என் பேரன் நவம்பரில் பிறந்தவன். அவனுக்கு அடுத்து 38ஆம் எண்ணோடு நின்ற பையன் அதே ஆண்டு ஜனவரியில் பிறந்தவன். ஒரு தலை உயரம் வித்தியாசம். ஒன்பது வயதில் பத்து மாதம் என்பது சிறிய இடைவெளியன்று. வளர்ச்சி முந்தியவனைத் திறமை மிகுந்தவன் என்று கொள்ளும் இந்த மயக்கம், கனடாவின் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து 1980களிலேயே சுட்டிக்காட்டப்பட்டது. ஆனாலும் பலகையில் பென்சிலால் குறிப்பவர் கண்ணுக்கு உயரம் தெரிகிறது, மாதம் தெரிவதில்லை.

போட்டி அணிகளை நான் நிந்திக்கவில்லை. ஆட்டம் இன்றி உறங்க மாட்டேன் என்று அழும் பிள்ளையும் உண்டு. அவனுக்கு நல்ல குரு வேண்டும், அவனைத் தடுப்பது பாவம். என் பேரனோ அந்தப் பரீட்சைக்கு நண்பர்கள் போனார்கள் என்பதற்காகப் போனவன். மறுநாள் காலையில் காப்பி கொண்டுவந்த மகளிடம், “இந்த வருஷம் வேண்டாம்மா; பன்னிரண்டு வயசு வரட்டும், அவனாகவே கேட்கட்டும்” என்றேன். “அதற்குள் மற்றப் பசங்க முந்திப் போயிடுவாங்களேப்பா” என்றாள். அது வீண் பயமன்று. இடையில் சேருவது கடினம் என்பது உண்மைதான். அவளும் மாப்பிள்ளையும் அன்று முழுவதும் பேசி, மாலையில் இடம் வேண்டாமென்று எழுதிவிட்டார்கள்.

செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை காலையில், பனி உலராத புல்தரையில், ஊர் நடத்தும் ‘ரெக்’ ஆட்டத்துக்குப் போனோம். பாதி நேரமாவது எல்லாரும் ஆட வேண்டும் என்ற விதி இங்கும் உண்டு. பயிற்சியாளர் எதிர்வீட்டுக்காரர், கையிலிருந்த அட்டையில் பிள்ளைகளின் பெயருக்கு நேரே நான்கு கட்டங்கள் போட்டு, ஆடிய ஒவ்வொரு கால்பகுதிக்கும் ஒரு கோடு கிழித்துவந்தார். மூன்றாம் பகுதி தொடங்குமுன் அட்டையைப் பார்த்து, கோடு குறைந்திருந்த பெயர் ஒன்றைக் கண்டு, எல்லைக்கு வெளியே புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்த சின்னப் பையனை அழைத்தார். அவன் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஓடினான். என் பேரன் வெளியே வந்து, மூச்சு வாங்க என் பக்கத்தில் உட்கார்ந்து, “தாத்தா, தண்ணி” என்று கை நீட்டினான்.