மூன்று ஊர் கண்ட அணி

தென்கொரியாவில் தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஊருக்குச் சொந்தமில்லை, நிறுவனத்துக்குச் சொந்தம். ஊரின் பெயர் முன்னால் ஒட்டியிருக்கும். சம்பளம் கொடுப்பதும், பெயர் சூட்டுவதும், ஒருநாள் மூட்டைகட்டச் சொல்வதும் நிறுவனம்தான். இன்று பூசான் கேசிசி ஈஜிஸ் என்று ஆடும் அணி இதன் இனிப்பையும் கசப்பையும் முழுமையாகப் பார்த்துவிட்டது.

பிறந்த வீடு ஹூண்டாய். 1997-இல் கேபிஎல் என்ற தொழில்முறை லீக் தொடங்கியபோது, பழைய ஹூண்டாய் அமெச்சூர் அணி 'டைனட்' என்ற புதுப் பெயருடன் தேஜோன் நகரில் குடியேறியது. லீ சாங்-மின் பந்தைப் பகிர்ந்தளிக்க, சோ சுங்-வோனும் சூ சுங்-கியுனும் எறிய, அமெரிக்கரான ஜானி மெக்டவல் கூடைக்கடியில் முட்டிமோத, 1998, 1999 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டங்கள்.

1998 இறுதித் தொடரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எதிரணி பூசான் கியா. ஏழு ஆட்டம்வரை இழுத்து, 4-3 என்று ஹூண்டாய் வென்றது. ஆனால் தொடரின் சிறந்த வீரர் விருது தோற்ற அணிக்காரருக்குப் போனது. உடைந்த கையோடு ஆடிய ஹோ ஜே அவர். அவர் அன்று எதிர்த்து நின்ற இதே அணிதான் பின்னால் அவரையும், அவருக்குப் பின் அவர் பிள்ளைகளையும் தன்னிடம் சேர்த்துக்கொண்டது.

2001-இல் ஹூண்டாய் குழுமம் ஆட்டம் கண்டது. அணியை நடத்திவந்த ஹூண்டாய் எலெக்ட்ரானிக்ஸ் கடனில் மூழ்கியிருந்தது. அணியை எடுத்துக்கொண்ட கேசிசி, பெயின்ட்டும் கட்டடப் பொருள்களும் செய்யும் நிறுவனம். அதை வளர்த்த சங் சாங்-யுங், ஹூண்டாயை நிறுவிய சங் ஜு-யுங்கின் கடைசித் தம்பி. ஆக, அண்ணன் வீட்டுப் பிள்ளை சித்தப்பா வீட்டுக்குப் போனது. கூடவே ஊரும் மாறியது. தேஜோன் ரசிகர்களிடம் யாரும் கேட்கவில்லை. புது ஊர், பிபிம்பாப் சோற்றுக்கும் பழைய ஓட்டு வீடுகளுக்கும் பேர்போன ஜியோன்ஜு.

மறு ஆண்டு பூசானில் ஆசிய விளையாட்டுப் போட்டி. சாஜிக் அரங்கில் கொரியாவின் கூடைப்பந்து அரையிறுதி. பிலிப்பைன்ஸ் இரண்டு புள்ளி முன்னால், கடிகாரத்தில் நொடிகள்தான் பாக்கி. பிலிப்பைன்ஸின் ஓல்சன் ரசேலா இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டார். கடைசி நொடியில் பந்து லீ சாங்-மின் கையில். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார்; உள்ளே இறங்கியது. 69-68. மறுநாள் யாவ் மிங் ஆடிய சீனாவைக் கூடுதல் நேரத்தில் 102-100 என்று வீழ்த்திக் கொரியா தங்கம் வென்றது. அப்போது லீ ஜியோன்ஜு கேசிசி வீரர்.

2004-இல் ஜியோன்ஜுவுக்கு முதல் கோப்பை. மறு ஆண்டு ஹோ ஜே பயிற்சியாளராக வந்தார்.

2007-இல் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஒப்பவில்லை. சாம்சங் அணியிலிருந்து ஸோ ஜாங்-ஹூனை கேசிசி ஒப்பந்தம் செய்தது. லீயும் அவரும் யோன்செய் பல்கலைக்கழகத்தில் ஒன்றாக ஆடியவர்கள். மறுபடியும் ஜோடி சேருவார்கள் என்று ரசிகர்கள் குதூகலித்தார்கள். ஆனால் லீக் விதி வேறு: பெரிய வீரரை இழந்த அணி, வாங்கிய அணி பாதுகாத்து வைத்த சில பெயர்களைத் தவிர்த்து, வேறொருவரை ஈடாகக் கேட்கலாம். அந்தக் குட்டிப் பட்டியலில் லீயின் பெயர் இல்லை. சாம்சங் அவரைக் கேட்டது. ஆல்-ஸ்டார் வாக்கெடுப்பில் ஆண்டுக்காண்டு முதலிடம் பிடித்தவர், இரண்டு ஊர்களிலும் அணியின் முகமாக இருந்தவர், ஈட்டுத்தொகை போலக் கைமாறினார். விதிப்படி எல்லாம் சரிதான். அந்த விதியைத் தெரிந்துகொண்டே அவர் பெயரை விட்டதைத்தான் ஏற்க முடியவில்லை.

2009 இறுதியில் கேசிசி எதிர்கொண்டது சாம்சங்கை, அங்கே லீ. 221 செ.மீ. உயரமுள்ள, என்பிஏ-வில் ஆடிய முதல் கொரியரான ஹா சுங்-ஜின் இங்கே. 4-3 என்று கேசிசி வென்றது. 2011-இல் இன்னொரு பட்டம்.

அதன்பின் பட்டமில்லாத ஆண்டுகள். ஜியோன்ஜு ரசிகர்கள் விலகவில்லை. சிக்கல் அரங்கத்தில் வந்தது. ஆடிக்கொண்டிருந்தது 1973-இல் கட்டிய பழைய உள்ளரங்கம். 2016-இல் கேசிசி சுவோனுக்குப் போகலாமா என்று யோசித்தபோது, புது அரங்கம் கட்டித் தருகிறோம் என்று மாநகராட்சி வாக்குக் கொடுத்துத் தக்கவைத்தது. அரங்கம் எழும்பவில்லை. 2023 ஆகஸ்ட் 30 அன்று, பூசானுக்கு மாற லீக் அனுமதி கொடுத்தது. புதிய சீசனுக்கு இரண்டே மாதம் இருந்தது. மாநகராட்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தத் தவறுக்கான தண்டனை, இருபத்திரண்டு ஆண்டுகள் டிக்கெட் வாங்கிக் கத்தித் தீர்த்தவர்கள் தலையில் விழுந்தது. இது நியாயமே இல்லை.

பூசானும் இப்படி விட்டுச் செல்லப்பட்ட ஊர்தான். முதல் லீக் பட்டத்தை வென்ற கியா 2001-இல் உல்சானுக்குப் போனது. அதன்பின் வந்த கேடி அணி 2021-இல் சுவோனுக்குப் போனது. அந்த வெற்றிடத்தில் வந்து இறங்கிய கேசிசி, நட்சத்திரங்கள் நிறைந்திருந்தும் லீக் சுற்றில் ஐந்தாவதாகத்தான் முடித்தது. ஐந்தாம் இடத்திலிருந்து எந்த அணியும் அதுவரை இறுதியை எட்டியதுகூட இல்லை. பிளே-ஆஃபில் வேறு அணியாகிவிட்டார்கள். எஸ்கே-யை 3-0, முதலிடத்து டிபி-யை 3-1 என்று சாய்த்து இறுதிக்கு வந்தால், எதிரே பூசானை விட்டுப்போன அதே கேடி. ஹோ ஜேயின் மூத்த மகன் ஹோ உங் கேசிசியில், இளையவர் ஹோ ஹூன் கேடியில். பூசானில் நடந்த இரண்டு ஆட்டங்களுக்கும் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்து சாஜிக் அரங்கை அதிரவைத்தார்கள். 4-1 என்று தொடர் முடிந்தது 2024 மே 5 அன்று. சிறந்த வீரர் ஹோ உங். 26 ஆண்டுக்கு முன் தந்தை பூசானுக்காக ஆடி, இதே அணியிடம் தோற்றும் வாங்கிய அதே விருது.

பூசான் 27 ஆண்டுக்குப் பின் பட்டம் பார்த்தது. ஆனால் கோப்பையைத் தூக்கியவர்களில் சோங் க்யோ-சாங், 2015-இல் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக வந்து, ஜியோன்ஜுவில் ஆளாகி, லீக்கின் சிறந்த வீரரானவர். என்னைக் கேட்டால், அந்த ஆறாவது கோப்பையில் ஜியோன்ஜுவுக்குப் பாதி உரிமை உண்டு.

லீ சாங்-மின் 2023-இல் துணைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். 2025 மே மாதம் தலைமைப் பயிற்சியாளரானார். அதே மாதம் ஹோ ஹூனும் கேசிசியில் ஒப்பந்தமானார். அண்ணனும் தம்பியும் ஒரே அணி. அணியின் சொந்த அரங்கம், 2002-இல் லீ அந்தக் கடைசி நொடிப் பந்தை எறிந்த சாஜிக். தேஜோனிலும் ஜியோன்ஜுவிலும் அப்போது கேபிஎல் அணி ஒன்றுகூட இல்லை.