ரேந்தையும் குண்டூசியும்

இன்று 'லேஸ்' எனப்படும் பின்னலுக்குத் தமிழில் 'ரேந்தை' என்றொரு பெயர் உண்டு. போர்த்துகீசியச் சொல்லின் திரிபு அது. 1821ஆம் ஆண்டில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார், நாகர்கோவிலில் பெண்களுக்கு இதனைக் கற்பிக்கத் தொடங்கினார். கற்றவருள் அடிமைப் பெண்களும் இருந்தனர். ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்துப் பெற்றவர் அவருள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததோ 1855இல்தான்! அம்மையாரின் மகள் எலிசா கால்டுவெல்லை மணந்து, இடையன்குடிப் பெண்களுக்கும் இக்கலையைப் பயிற்றினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைப் போற்றுவோருள் அவர் மனைவியின் ஊசியை அறிந்தோர் மிகச் சிலரே.

கருவிகளோ எளியவை: திண்டு, துளையிட்ட படத்தாள், நூற்கட்டைகள், குண்டூசிகள். ஊசிகளைச் சுற்றி முறுக்குண்டே நூல் வடிவம் பெறும். துவைத்துச் சுருங்கிய ரேந்தையை நேராக்கவும் திண்டும் ஊசியுமே போதும். கொக்கி ஊசிப் பின்னலுக்கும் கம்பளிப் பின்னலுக்கும் அதே வழிதான். நனைத்த பின்னலை முறுக்கிப் பிழியலாகாது. துண்டில் சுருட்டி அழுத்தி, மடித்த போர்வைமேல் அளவாக விரித்து, விளிம்பெங்கும் துருப்பிடிக்காத ஊசிகளைக் குத்த வேண்டும். பருத்தி நூலுக்கு நீர்த்த கஞ்சி விறைப்புத் தரும்; கம்பளிக்கு அது ஆகாது. கேமரன் மலையின் ஈரக் காற்றில் உலர்வதற்கு ஒரு பகல் போதாமற் போகலாம். அவசரப்பட்டு ஊசியைப் பிடுங்கினால் விளிம்பு மீண்டும் சுருண்டுகொள்ளும்.