வாடுதலும் காய்தலும்: மலையகத் தேயிலைத் தொழிலில் ஒரு வினைச்சொல்லின் பொருளெல்லை

நீரிழப்பைச் சுட்டத் தமிழில் வினைகள் பல. குளம் வற்றும்; துணி உலரும்; விறகு காயும்; இலை வாடும். பேச்சில் இவை ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதுண்டு. ஹட்டன், நுவரெலியா வட்டாரத் தேயிலைத் தொழிற்சாலைகளில் அப்படி மாற்றி வழங்க இயலாது. அங்கே ‘வாட்டுதல்’ காயவைத்தலின் மறுபெயரன்று. நீரிழப்பு நிற்க வேண்டிய எல்லையைக் குறிக்கும் சொல் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர். முன்பு தொழிற்சாலையின் மேல்மாடிகளில் சாக்குத்துணித் தட்டுகளில் பரப்பினார்கள். இன்று நீண்ட தொட்டிகளில் பரப்பி அடியிலிருந்து காற்றைச் செலுத்துகிறார்கள். 100 கிலோ கொழுந்தில் 78 கிலோ நீர் என்று கொண்டால், நீரளவு 55 சதவீதமாக இறங்கும்போது எடை ஏறத்தாழ 49 கிலோவாகிவிடும். பதம் பார்ப்பவர் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்குகிறார். விரல்களை விரித்தால் உருண்டை மெல்ல நெகிழ வேண்டும். காம்பு முறியாமல் வளைய வேண்டும். காம்பு முறிந்தால் வாட்டம் போதவில்லை. இலை நொறுங்கினால் வாட்டம் மிஞ்சிவிட்டது. உருட்டும் எந்திரத்துக்கு வேண்டியது இரண்டுக்கும் இடைப்பட்ட துவளல். நீரளவை 3 சதவீதம் வரை இறக்கும் காய்ச்சல் வேலை, உருட்டலும் நொதித்தலும் முடிந்த பிறகே வருகிறது.

வீட்டு வழக்கும் இதற்குச் சான்று. பொதி கட்டும் வாழையிலையை அனலில் வாட்டுகிறோம். அது கிழியாமல் மடங்க வேண்டும் என்பதே நோக்கம். யாரும் அதைக் காயவைப்பதில்லை.

மழைக்காலம் இன்னொரு வேறுபாட்டையும் காட்டுகிறது. தென்மேற்குப் பருவத்தில் நனைந்து வரும் கொழுந்தின் மேலுள்ள ஈரம் முதலில் உலர வேண்டும். அதன் பின்னரே இலை வாடத் தொடங்கும். உலர்தல் புறத்து நீரையும் வாடுதல் அகத்து நீரையும் பற்றியவை.

‘கருவாடு’ முற்றக் காய்ந்த மீன்தானே, சங்க இலக்கியத்தின் ‘வாடூன்’ உலர்ந்த இறைச்சிதானே என்று மறுக்கலாம். மறுப்பு வலியது. வாடு என்னும் வினை பழங்காலத்தில் முழு உலர்வையும் தழுவியே நின்றது. ஆனால் அவ்விரண்டிலும் நீர் போனதோடு வேலை முடிந்தது. தேயிலையிலோ வாடலுக்குப் பின் மூன்று வேலைகள் காத்திருக்கின்றன. அடுத்த வேலைக்குப் பதமாவதே நோக்கமானபோது, அகன்றிருந்த பொருள் ஓர் எல்லைக்குள் சுருங்கிச் செறிந்தது.

காலமும் இப்பொருளில் அடங்கும். வாடும் 12 முதல் 18 மணி நேரத்தில் இலையின் புரதங்கள் சிதைந்து அமினோ அமிலங்கள் பெருகுகின்றன. மணத்துக்கு இவையும் அடிப்படை. கடுஞ்சூட்டில் அதே நீரை விரைந்து போக்கினால் எடை குறையும், இலை வாடியதாகாது.

ஆகவே கலைச்சொல் தொகுப்போர் இரு கட்டங்களையும் ‘உலர்த்தல்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கலாகாது. கொழுந்தைக் கையில் இறுக்கிப் பார்த்தவர்கள் வகுத்த எல்லை அது. அதற்கான சொல்லையும் அவர்களிடமிருந்தே பெற வேண்டும்.