குடவோலையும் மடிக்கணினியும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை விவரிக்கின்றன.

அவ்வூர் உழவர் ஒருவரின் மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போக நெல் விற்ற பணத்தில் மடிக்கணினி வாங்க வேண்டும். தவறாக வாங்கினால் மறுமுறை வாங்க வழியில்லை. “எந்தக் கம்பெனி நல்லது?” என்பதே அவள் கேட்கும் முதற் கேள்வி. அது சரியான கேள்விதானா? வரலாற்றைக் கேட்போம்.

1981இல் அமெரிக்காவில் ‘ஆஸ்பார்ன் 1’ என்னும் கையில் தூக்கிச் செல்லும் கணினி விற்பனைக்கு வந்தது. எடை சுமார் 11 கிலோ; திரை 5 அங்குலம். ஆனால் அக்கம்பெனி 1983இலேயே திவாலாயிற்று. 1985இல் ஜப்பானின் தோஷிபா, மின்கலத்தில் இயங்கும் ‘டி1100’ மடிக்கணினியை வெளியிட்டுப் புகழ் பெற்றது. அந்தத் தோஷிபாவே 2020இல் இத்தொழிலை விட்டு முற்றிலும் விலகியது. ஐ.பி.எம். 1992இல் தொடங்கிய ‘திங்க்பேட்’ வரிசை 2005இல் சீனாவின் லெனோவாவிடம் சென்றது. பெயர் நிலையானதன்று என்பது இதனால் விளங்குகிறதல்லவா?

இன்னொன்றும் உண்டு. பல கம்பெனிகள் தம் மடிக்கணினிகளைத் தாமே செய்வதில்லை. தைவானின் குவான்டா, காம்பால் போன்ற நிறுவனங்கள் பல பெயர்களுக்கும் செய்து தருகின்றன. செயலியோ பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. தயாரிப்பு. மேலும், ஒரே பெயரில் மலிவான வரிசையும் உண்டு, உறுதியான வரிசையும் உண்டு. பெயரை மட்டும் பார்த்து எதை முடிவு செய்வது?

இப்போது கல்வெட்டுக்குத் திரும்புவோம். 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்ட அவ்வூரில், முதலில் ஆளின் பெயரைக் கேட்கவில்லை, தகுதியைத்தான் வகுத்தார்கள். வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயது, கல்வி ஆகியவை வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்க, ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். இது பிராமணர் ஊரின் சபை. பெண்களுக்கும் பிற குலத்தாருக்கும் இதில் இடமில்லை. அந்தக் குறையை மறக்கலாகாது. ஆயினும் விலக்க வேண்டியதை முதலில் விலக்குவது என்னும் ஒழுங்கு நமக்குப் பயன்படும்.

அம்மாணவி வகுக்க வேண்டிய தகுதிகள் எவை? முதலில், தன் பாடத்துக்கு எந்த மென்பொருள் வேண்டும் என்று துறை ஆசிரியரைக் கேட்க வேண்டும். எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் 8 ஜி.பி. நினைவகம் போதும், பொறியியல் வரைபட வேலைக்கு 16 ஜி.பி. நல்லது. சேமிப்பகம் சுழலும் தட்டாக இல்லாமல் எஸ்.எஸ்.டி.யாக இருக்க வேண்டும். நினைவகத்தைப் பின்னர் கூட்ட முடியுமா, பலகையோடு பற்றவைத்துவிட்டார்களா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். மின்தடை உள்ள ஊரில் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது முக்கியம்.

கணக்குக் காட்டாதவரை விலக்கியது போல, பழுது பார்க்கப் பொறுப்பேற்காத பெயரை விலக்குக. காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ பழுது பார்க்கும் நிலையம் இருக்கிறதா? உத்தரவாதம் எத்தனை ஆண்டு? மின்கலமும் திரையும் அதில் அடங்குமா? ஒரு நாள் வகுப்பை விட்டுச் சென்னைக்குப் பெட்டியைச் சுமக்க நேர்ந்தால், குறைந்த விலையும் நட்டமாகிவிடும்.

இத்தனை சல்லடையிலும் சலித்த பிறகு இரண்டு மூன்று பெயர்களே மிஞ்சும். அவற்றுள் எதை வாங்கினாலும் பெரிய தவறில்லை. அப்போது வேண்டுமானால் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குடத்திலிட்டு, வீட்டுச் சிறுவனை எடுக்கச் சொல்லலாம்!