37-உம் 98.4-உம்

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு உடம்புச் சூடு என்றால் 37. சர்க்கார் உத்தியோகத்துக்காக ராயபுரம் வந்தபோது இங்கே அது 98.4. தெர்மாமீட்டரில் அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். பாதரசம் அதை நன்றாகத் தாண்டிவிட்டால், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவார்கள். ஸ்டான்லி என்று பெயர் வந்து வெகுகாலமான பிறகும் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது கஞ்சித்தொட்டிதான்.

இந்த எண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வுண்டர்லிஷ் என்ற மருத்துவர், சுமார் 25,000 நோயாளிகளின் சூட்டை அளந்து, 1868-ல் நூலாக வெளியிட்டார். 37-ஐ நிலைநிறுத்தியவர் அவர்தான். பாரன்ஹீட் கணக்கில் அது 98.6, ஆங்கிலேயர் வழக்கத்தில் 98.4 ஆயிற்று. அந்நாளைய கருவி ஏறக்குறைய ஓரடி நீளம்; அக்குளில் இருபது நிமிஷம் வைக்க வேண்டும். சிணுங்கும் குழந்தையிடம் நடக்கிற காரியமா? இங்கிலாந்தில் ஆல்பட் என்ற மருத்துவர் 1860-களில் அதை ஆறு அங்குலமாகக் குறுக்கினார். ஐந்து நிமிஷம் போதும் என்றாயிற்று.

வுண்டர்லிஷ் உணர்த்திய இன்னொன்றுதான் முக்கியம்: காய்ச்சல் நோய் அல்ல, நோயின் அடையாளம். கிருமியை எதிர்க்க உடம்பே சூட்டை ஏற்றிக்கொள்கிறது. அதனால் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது.

மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்கு 100.4, அதாவது 38 தொட்டாலே, வேறு குறி இல்லாவிட்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஓடியாடும் பிள்ளைக்கு 102 இருந்தும், தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, முகம் பார்த்துச் சிரித்தால் அவ்வளவு பதற வேண்டாம்.

டெங்குவில் இந்தக் கணக்கே தலைகீழ். டிரம்மிலும் குடத்திலும் தண்ணீர் பிடித்து வைக்கும் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்களுக்கு அந்தக் கொசுவைத் தெரியும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே சூடு இறங்கும். பாட்டிமார் "விட்டுடுச்சு" என்று திருஷ்டி கழிப்பார்கள். ஆபத்து தொடங்குவதும் அப்போதுதான். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சில்லிட்ட கைகால், சோர்ந்த தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும், தெர்மாமீட்டர் 98.4 காட்டினாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பேரன் பேத்தி உள்ள வாசகர்கள் இதை மகளிடமும் மருமகளிடமும் ஒருமுறை சொல்லிவையுங்கள்.