முகச் சுருக்க அறுவை: மறுமுறை செய்யலாமா?

விருத்தாசலத்துச் சூளையில் சுட்ட பீங்கான் வடிவம் மாறாது. முகத் தோலோ, இழுத்துத் தைத்த பின்னும் வயதோடு தளரும். அதனால்தான் சுமார் 10 ஆண்டுகளில் 'மறுபடியும் செய்யலாமா?' என்ற கேள்வி வருகிறது. பழைய தழும்பு இருப்பதால் இரண்டாம் அறுவை கடினமானது.

2007-இல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நோயின்றிச் சுருக்கத்தை அறுவையாலோ ஊசியாலோ நீக்குவது கூடாது என்றது. விபத்து, தீக்காயம், பிறவிக் குறைகளைச் சரிசெய்ய அனுமதித்தது.

போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) வைத்திருந்த வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தது. தங்கத்தில் மாற்றிக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் என அபூதாவூதில் உள்ளது. தேவை இருந்தால் மறுமுறையும் சிகிச்சையே.

இமை தொங்கிப் பார்வையை மறைக்கிறதா? கண் மருத்துவரிடம் காட்டுவோம். வெறும் சுருக்கமா? நரையைப் போல ஏற்றுக்கொள்வோம்.